ஆறு வருடம் மென்று பார்த்த இம்ப்ளான்ட் பல்

இம்ப்ளான்ட், அதாவது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர், வைத்த அன்றைக்கே ரிவ்யூவில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு என்ன தெரியும்? வலித்ததா, டாக்டர் பொறுமையாகப் பேசினாரா, எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். எலும்பு அதைப் பிடித்ததா என்பது அன்றைக்கு டாக்டருக்கே தெரியாது. அதனால் நான் ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். என்னுடையது கீழ்த்தாடை, இடது பக்கம், முதல் கடைவாய்ப்பல். வைத்தது 2019 பிப்ரவரியில். காட்பாடி காந்தி நகரில், இரண்டாவது மாடியில் உள்ள ஒரு சின்ன கிளினிக். கிளினிக்குக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. நான் எடை போடுவது அந்தப் பல்லையும், அதை வைத்த முறையையும்தான்.

நான் வாலாஜாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக மரை வெட்டுகிறேன். சிப்காட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் எல்லாம் போகிறது. இம்ப்ளான்ட்டும் மரை போட்ட ஒரு டைட்டானியம் துண்டுதான். அதனால் மற்றவர்களை விட நான் கேட்ட கேள்விகள் அதிகம். எல்லாவற்றுக்கும் அந்த டாக்டரம்மா உட்கார்ந்து பதில் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும்.

பழைய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பைக் கடித்தபோது நெடுக்காகப் பிளந்துவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பிடுங்கிய பிறகு வேலூரில் முதலில் வேறு ஒரு இடத்துக்குத்தான் போனேன். ஒரு படம் எடுத்தார்கள். 'மூணே நாளில் பல்லோடு வீட்டுக்குப் போகலாம், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஐயாயிரம் குறைவு' என்றார்கள். உங்களுக்குச் சுகர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வருடமாகச் சுகர். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

காந்தி நகரில் முதல் கேள்வியே சுகர்தான். மூன்று மாத சராசரி எடுக்கச் சொன்னார். 8.4 வந்தது. "இந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் உங்கள் எலும்பைத் தொட மாட்டேன் சார். ஏழுக்குக் கீழே கொண்டு வாங்க. பல் பிடுங்கின குழி ஆறுவதற்கும் எப்படியும் மூன்று நாலு மாதம் வேண்டும், அதற்குள் குறைத்துவிடலாம்" என்றார். பணம் கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்பினார். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தொடாமல், காலையில் பாலாறு வரை நடந்து, நாலு மாதத்தில் 6.9-க்குக் கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையின் முப்பரிமாணப் படம். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம். இதில் தாடை எலும்பை ரொட்டித் துண்டு போல குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். எலும்பின் அகலம் 7 மில்லிமீட்டர் என்று அளந்து காட்டினார். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தருவது அதுதான். அது எலும்பின் மேல் விளிம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. நரம்புக்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். அதனால் 4.5 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் நீளம் உள்ள இம்ப்ளான்ட் என்று முடிவானது. அளந்து பார்க்காமல் ஓட்டை போடுகிற யாரையும் என் பட்டறையில் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். வாய்க்கும் அதே விதிதான்.

வைத்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மரத்துப் போகும் ஊசி போட்ட பிறகு வலி இல்லை, அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. ட்ரில் போடும்போது உப்புநீர் விடாமல் பாய்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் லேத்தில் கூலன்ட் விடுவது மாதிரியேதான். சுற்றும் குறைவு, ஆயிரத்துக்கு உள்ளேதான். ஒரே ட்ரில்லால் ஓட்டையை முடிக்கவில்லை. சின்னதில் தொடங்கி ஒவ்வொரு சைஸாக ஏற்றினார், ஒவ்வொன்றையும் உள்ளே விட்டு உடனே வெளியே எடுத்தார். அப்புறம் காரணம் கேட்டேன். எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட்டுப்போகும் என்றார். எங்கள் வேலூர் வெயிலே சில வருடம் 43-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் நாலே டிகிரி! நான் ஒரு முறை ஒரு கெமிக்கல் கம்பெனிக்காக டைட்டானியம் ஸ்லீவ் கடைந்திருக்கிறேன். கூலன்ட் ஒரு நொடி நின்றால் டூல் முனை கருகிவிடும். அங்கே கருகினால் டூல்தான் போகும். இங்கே எலும்பு செத்துவிட்டால் அந்த ஓட்டையில் எந்த இம்ப்ளான்ட்டும் பிடிக்காது.

இம்ப்ளான்ட்டைச் சீல் உடைத்து எடுத்ததை என்னிடம் காட்டினார். கையுறை போட்ட விரல்கூட அதன் மேல் படவில்லை. டப்பாவிலிருந்து நேராக டிரைவரின் முனையில் மாட்டி வாய்க்குள் கொண்டுபோனார். பளபளவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, மங்கின சாம்பல் நிறம். மணலை வீசி அடித்து, பிறகு அமிலத்தில் அரித்து, வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியது. பழைய காலத்து இம்ப்ளான்ட்கள் லேத்தில் கடைந்த மழமழப்போடு அப்படியே போனவையாம். அதற்கும் எலும்பு பிடித்தது, ஆனால் அதிக நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பில் ரத்தம் சட்டென்று ஏறி உறையும், புது எலும்பு அந்த உறைவைப் பிடித்துக்கொண்டு நேராக உலோகத்தின் மேலேயே வளரும்.

டைட்டானியத்தை உடம்பு ஏன் வெளியே தள்ளுவதில்லை என்பதுதான் என் பெரிய சந்தேகம். ஒரு மர முள் குத்தினால்கூட சீழ் வைத்துத் தள்ளிவிடுகிறதே? அவர் சொன்ன பதில் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தது. டைட்டானியத்தின் மேல் காற்று பட்ட உடனே ஒரு ஆக்சைடு படலம் படிந்துவிடும், சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினால் மறுபடியும் உடனே படியும். உப்பு, ஈரம் எதுவும் அதைத் துருப்பிடிக்க வைக்காது. கெமிக்கல் கம்பெனிகள் டைட்டானியம் கேட்பதும் அதனால்தான். உடம்பு தொடுவது உலோகத்தை அல்ல, அந்தப் படலத்தை. அதை அந்நியமாக நினைத்துச் சுவர் எழுப்பாமல், எலும்பு பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. டாக்டர்கள் இதற்கு ஆசியோஇன்டெக்ரேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பு பிடிப்பது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததும் தேடிப் போய் அல்ல. ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற டாக்டர் 1952-இல் முயல்களின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து அதைக் கழற்றப் போனால் கழலவில்லை. எலும்பு அதோடு ஒட்டிவிட்டிருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளியின் தாடையில் முதல் முறையாக வைத்தார். லார்சன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக, அந்த இம்ப்ளான்ட்கள் வாயில் இருந்தன. கழற்ற வேண்டிய ஒன்று கழலாமல் போனால் பட்டறையில் திட்டுவோம், வெட்டி எறிவோம். அந்த மனிதர் நின்று யோசித்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

சரி, என் தாடைக்கு வருகிறேன். இம்ப்ளான்ட்டை முடுக்கும் விசையை அளக்கிற டார்க் ரெஞ்சில் 40 நியூட்டன் சென்டிமீட்டர் காட்டியது. ஒரு சென்டிமீட்டர் கைப்பிடியில் நாலு கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. பிறகு ஒரு சின்னக் கருவியால் அதிர்வைப் பார்த்து ஒரு எண் சொன்னார்: 71. நூறு வரை போகும் கணக்கு அது, எண் ஏற ஏறப் பிடி கெட்டி. வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று நாங்கள் சுத்தியால் தட்டிக் காது வைப்போம். மண்பானை வாங்கும்போது என் மனைவியும் தட்டித்தான் பார்ப்பார். அதே தத்துவம்தான், இங்கே காதுக்குப் பதில் மெஷின் கேட்கிறது.

மூன்றாவது வாரம் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வீக்கம் வடிந்து, தையல் பிரித்து, எல்லாம் சரி. அந்தப் பக்கமும் மெல்லலாமா என்று போனில் கேட்டேன். "கூடவே கூடாது சார், இதுதான் மோசமான நேரம்" என்றார். நாலாவது வாரம் வரச் சொல்லி மறுபடியும் அளந்தார். 64. குறைந்திருந்தது! எனக்குத் திக்கென்றது. அவர் பதறவில்லை, விளக்கினார்.

பட்டறையில் ஒரு புஷ்ஷைப் பிரஸ் ஃபிட் போட்டால், அதாவது அந்த உருளை வளையத்தை ஓட்டைக்குள் அழுத்தி இறுக்கமாக ஏற்றினால், போட்ட அன்று இருக்கிற பிடிதான் அதன் உச்சம். அதற்குப் பிறகு தேய்மானம்தான். எலும்பில் அப்படி இல்லை. முதல் நாள் இருப்பது வெறும் இறுக்கம். மரையால் நசுங்கிய பழைய எலும்பை, எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். அவற்றின் பின்னாலேயே எலும்பைக் கட்டும் செல்கள் வந்து புது எலும்பைப் போடும். பழைய பிடி குறைந்து, புதுப் பிடி இன்னும் முழுசாக வராத இடைவெளி மூன்று நாலு வாரத்தில் வருகிறது. வலி போய்விட்டதால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும் நாளும் அதுதான். அந்த நேரத்தில் இம்ப்ளான்ட் நூறு, நூற்றைம்பது மைக்ரானுக்கு மேல் அசைந்தால் அங்கே எலும்பு வராது. மெத்தென்ற நார்த்திசு வந்து மூடிக்கொள்ளும். ஒரு தடவை நார் வந்துவிட்டால் அது பிறகு எலும்பாக மாறுவதில்லை.

நூறு மைக்ரான் என்பது ஒரு காகிதத்தின் தடிமன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒரு பருக்கைகூட மெல்லவில்லை.

குடியாத்தத்தில் என் மச்சானுக்கு இதுதான் நடந்தது. அவர் வேறு ஒரு இடத்தில், எனக்கு ஒரு வருடம் கழித்து வைத்துக்கொண்டார். பீடி விடவில்லை. பீடி ஈறுக்கும் எலும்புக்கும் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஐந்தாவது வாரமே மேலே பல்லையும் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் போன் செய்தார். "மாப்ளே, வலியே இல்ல. ஆனா கையால தொட்டா ஆடுது." வலியில்லாமல் ஆடினால் சுற்றிலும் நார்தான். அதைக் கழற்றும்போது விரலாலேயே வந்துவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நெசவு வேலை செய்கிறவர், கடன் வாங்கி வைத்த பல் அது. முதல் நாளே பல் போடுவது எப்போதும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எலும்பு கெட்டியாக இருந்து, ஆரம்ப இறுக்கம் நன்றாக இருந்து, எதிர்ப் பல் மோதாதபடி தற்காலிகப் பல் வைத்தால் அது சரிவரும் என்று என் டாக்டரே சொன்னார். யாருக்குச் சரிவரும் என்று அளந்து பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வாக்கு கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பதினான்காவது வாரம் எனக்கு 77 வந்தது. முதல் நாளை விட அதிகம். அந்த எண் எழுதிய காகிதத்தை இன்னும் பட்டறை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் பல் மாட்டினார். ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கானில் செய்த பல், சிமென்ட் வைத்து ஒட்டாமல் திருகால் முடுக்குவது. திருகு வகையைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. பின்னால் ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் உடைக்காமல் கழற்றலாம். ஈறுக்கு அடியில் சிமென்ட் தங்கிப் புண்ணாக்கும் தொல்லையும் கிடையாது. 30 நியூட்டன் சென்டிமீட்டரில் முடுக்கிவிட்டு, பத்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடியும் அதே அளவுக்கு முடுக்கினார். புதுத் திருகின் மரைகள் ஒன்றோடொன்று அமர்ந்ததும் இறுக்கம் கொஞ்சம் தளரும். ஃபிளேஞ்ச் போல்ட்டுக்கு நாங்களும் அதைத்தான் செய்வோம். திருகுக் குழியை மூட என்ன வைத்தார் தெரியுமா? டெஃப்லான் டேப். குழாய் வேலைக்காரர்கள் சுற்றுகிற அதே வெள்ளை டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே பல் நிறப் பசையால் அடைத்தார்.

கடி பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு நார் மெத்தை உண்டு. அழுத்தினால் பல் இருபத்தைந்து முதல் நூறு மைக்ரான் வரை உள்ளே இறங்கும். இம்ப்ளான்ட்டுக்கு மெத்தை கிடையாது, மூன்று முதல் ஐந்து மைக்ரான்தான் இறங்கும். எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில் இருந்தால், பலமாகக் கடிக்கும்போது மற்ற பல் எல்லாம் இறங்க, முழுச் சுமையும் இம்ப்ளான்ட் மேல் விழும். அதனால் 8 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தகட்டைப் பல்லுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். மெதுவாகக் கடித்தால் தகடு வழுக்கி வர வேண்டும், பலமாகக் கடித்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். சந்தை அளக்க மெல்லிய தகடு விட்டுப் பார்க்கும் ஃபீலர் கேஜ் பிடித்த கைக்கு அந்த வேலையின் அருமை தெரியும். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

பழக்கத்துக்கு வர ஒரு மாதம் ஆனது. மெத்தை இல்லாததால் எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்ற உணர்வு அந்த இடத்தில் மந்தம். சோற்றில் கல் இருந்தால் இயற்கைப் பல் உடனே சொல்லும், இது தாமதமாகச் சொல்லும். இப்போதும் அப்படித்தான்.

ஆறு வருடத்தில் இரண்டு தடவை சிக்கல் வந்தது. முதலாவது 2020. ஊரடங்கில் இரண்டு பரிசோதனைகளுக்குப் போகவில்லை. அக்டோபரில் பல் துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் நேராகப் புகுந்து பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அவை மோதிரம் மாதிரி வளைந்துதான் ஓடும், உள்ளே புகாது. அந்த அடைப்பு பலவீனமானது. அழுக்கு இறங்கினால் கிருமி சீக்கிரம் கீழே போய்விடும். ஈறோடு நின்றால் சுத்தம் செய்து மீட்கலாம். எலும்பு வரை போய்விட்டால் போன எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கஷ்டம். எனக்கு எக்ஸ்ரேயில் எலும்பு அப்படியே இருந்தது. சுத்தம் செய்து, பல் இடுக்குக்கான சின்ன பிரஷ்ஷைப் பிடிக்கும் விதத்தைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு ராத்திரியும் விட்டதில்லை.

இரண்டாவது 2022 கடைசியில். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் கறி நார் முன்பக்கத்து இடுக்கில் மாட்டத் தொடங்கியது. முதலில் அப்படி இல்லை. பல் நகர்ந்துவிட்டதா என்று பயந்தேன். நகர்ந்தது இம்ப்ளான்ட் இல்லை, பக்கத்து இயற்கைப் பல். இயற்கைப் பற்கள் வயது முழுவதும் மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே இருக்குமாம். எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும், நடுவில் சந்து விழும். திருகு வகை என்பதால் கழற்றி லேபுக்கு அனுப்பி, பக்கவாட்டில் கொஞ்சம் பீங்கான் ஏற்றி, மூன்றாம் நாள் மாட்டிவிட்டார். 1,200 ரூபாய். இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அந்த ஒன்று எனக்குக் குறை.

இன்னொரு குறை, இம்ப்ளான்ட்டின் லாட் எண் உள்ள ஸ்டிக்கரை நான் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கார்டில் ஒட்டிக் கொடுத்தார்கள். அது கட்டாயம் நம் கையில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், எந்தக் கம்பெனி, எந்த சைஸ் என்று தெரியாமல் எந்த டாக்டரும் சாவி போட முடியாது.

போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயை 2019 படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் வருடத்தில் எலும்பு விளிம்பு 0.8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முதல் வருடம் ஒரு மில்லிமீட்டர் வரையும், அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2-க்குள்ளும் இறங்குவது சரி என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அதற்குப் பிறகு கோடு நகரவே இல்லை. மரைகளுக்கு நடுவில் வெள்ளையாக எலும்பு நிரம்பி நிற்கிறது.

செலவு, 2019 கணக்கில்: இம்ப்ளான்ட் 27,000, பல் 9,000, ஸ்கேன் 2,500. கொரியக் கம்பெனி இம்ப்ளான்ட். ஸ்விஸ் கம்பெனியினுடையது இன்னும் அதிகம் என்றார், வேண்டாம் என்றேன். சுகரைக் குறைத்ததும், டாக்டர் பொறுமையாக ஓட்டை போட்டதும், நாலு மாதம் காத்திருந்ததும் பெட்டி மேல் இருக்கிற பெயரை விடப் பெரிய வேலை செய்திருக்கின்றன என்பது என் எண்ணம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

லிஃப்ட் இல்லை, முப்பத்தெட்டு படி. முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே போன் செய்தால் கம்பவுண்டர் கீழே வந்து கைபிடித்து ஏற்றிவிடுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாலாற்றுப் பாலத்தில் வண்டி நகராது. வாலாஜா, ராணிப்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.